கீரைக்கு நான் போட்ட தடை

இனிமே இந்த வீட்டுல கீரைங்கிற பேச்சே கிடையாதுன்னு ஒரு காலையில முடிவெடுத்தேன். முடிவெடுக்குற தெம்பு மட்டும்தான் எனக்கு மிச்சம்.

நெஞ்சுல ஒரு வால்வை மாத்தி வெச்சிருக்காங்க. அதுல ரத்தம் கட்டிக்கிடாம இருக்க தினம் சாயங்காலம் ஒரு மாத்திரை, ஆயுசுக்கும். மாசாமாசம் ஊசி குத்தி ரத்தம் சரியான பதத்துல இருக்கான்னு பாப்பாங்க. அம்புட்டும் பழகிருச்சு. பழகாதது என் பொண்டாட்டி முத்துத்தாய் தினமும் வைக்கிற கீரைதான்.

அன்னைக்கு செல்போன்ல படிச்சேன். ரத்தம் உறையுறதுக்கு விட்டமின் கே வேணுமாம். என் மாத்திரை அதை மடக்குமாம். கீரையில அது எக்கச்சக்கமாம். எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு.

"முத்து, டாக்டரம்மா கீரையைத் தொடவே கூடாதுன்னுட்டாங்க."

"எப்பச் சொன்னாங்க?"

"நீ மருந்து வாங்கப் போனேல்ல, அப்ப. விட்டமின் கே ஆகாதாம்."

"கே.கே. நகர்ல குடியிருந்துக்கிட்டு கே ஆகாதுன்னா எங்கங்க போறது?"

"உசுரு விஷயம் முத்து."

"சரிங்க."

சண்டையே இல்லை. அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். அதுக்கும் அலுப்பா இருந்துச்சு.

கீரைக்குப் பதிலா ஒரு பொடி வந்துச்சு. சுடுசோறு, நல்லெண்ணெய், பொடி. கறிவேப்பிலைப் பொடி போலன்னு நானா நினைச்சுக்கிட்டேன். இன்னொரு கரண்டி கேட்டா மட்டும் கிடையாதுன்னுட்டா.

மாசம் முடிஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பவதாரிணி ரிசல்ட்டைப் பாத்துட்டு, "கச்சிதமா இருக்கு"ன்னாங்க.

என் வாய் சும்மா இருக்கல. "கீரையையே தொடலைல டாக்டர்."

அவங்க முத்துத்தாயைப் பாத்தாங்க. "இன்னுமா நீங்க சொல்லல?"

"நீங்க சொன்ன அன்னைக்கே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேங்க,"ன்னு என் பக்கம் திரும்பிச் சொன்னா முத்துத்தாய். "தினம் கீரை திங்கிற உடம்புக்குத்தான் மாத்திரை அளவு வெச்சிருக்காங்களாம். திடீர்னு நிறுத்தினா ரத்தம் ரொம்ப இளகிரும், எங்கயாச்சும் கசிஞ்சா நிக்காதுன்னாங்க. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அதான் முருங்கைக்கீரையக் காயவெச்சு இடிச்சேன். கரண்டி அளவும் அவங்க சொன்னதுதான்."

"ஏமாத்திட்டியே முத்து."

"பொய் சொன்னது நீங்க. பயந்து கிடந்தது நான். எனக்கு நீங்க வேணும்ல."

வெளியே வந்ததும், "சரி, அந்தப் பொடியாவே இருக்கட்டும்"னு இறங்கி வந்தேன்.

"ஒளிக்கத்தானங்க பொடி. இனி எதுக்கு?"

வழியில ஒரு கட்டு அரைக்கீரை வாங்கி என் கையில திணிச்சா.

"வீட்டுக்குப் போனதும் ஆஞ்சு முடிச்சிட்டுக் கூப்பிடுங்க. நான் செத்த நேரம் படுக்குறேன்."