ஐந்தாவது இலக்கு: ஊறுகாய் ஜாடி

மூன்றாண்டுத் திட்டங்களை எழுதுகிறவர்கள் உண்டு, பாராட்டுகிறவர்கள் உண்டு. படிக்கிறவர்கள்தான் கிடையாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு நோயாளி வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால், அவர் சம்மதத்தோடு அவருடைய மருத்துவக் குறிப்புகளும் அங்கே போய்ச் சேர வேண்டும். அதற்கான மென்பொருளைப் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் திறந்து வைத்திருக்கிறோம். அந்தக் குழுவில் விருத்தாசலத்திலிருந்து நான் ஒருத்திதான். சம்பளம் கிடையாது. ('அப்பறம் எதுக்கு அதக் கட்டிக்கிட்டு அழுவுற' என்பது அம்மாவின் நிரந்தரக் கேள்வி.)

அந்த வருடம் மூன்றாண்டுத் திட்டத்தை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. யார் எழுதுவது என்று கேட்டபோது எல்லோரும் மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள். நான் இருமிவிட்டேன்.

எங்கள் குழுவுக்கு ஒரு விதி உண்டு. யாராவது ஒரு யோசனையைப் பொதுவில் வைத்தால், ஒரு வாரத்துக்குள் எவரும் ஆட்சேபிக்காவிட்டால் அது நிறைவேறிவிட்டதாக அர்த்தம். வைத்தவரே அதைத் திரும்பப் பெற முடியாது. மூலைக்கு ஒருவராக இருப்பவர்களைக் கூப்பிட்டு ஓட்டெடுத்துக்கொண்டிருக்க முடியாதே. எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு என்று நான் பார்த்தவரிடமெல்லாம் பெருமையடித்ததுண்டு.

நான்கு இலக்குகளை எழுதி முடித்திருந்தேன். நிறைய மருத்துவமனைகளைச் சேர்ப்பது, குறிப்புகளைப் பாதுகாப்பது, பயிற்சி, நிதி. அப்போதுதான் அப்பா உள்ளே வந்தார். அப்பா அருளப்பன், மின்பெட்டியில் செருகும் பியூஸ் கேரியரைப் பீங்கானில் செய்கிற சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். ஆசையெல்லாம் ஊறுகாய் ஜாடி மேல். அச்சுகூட வாங்கிவிட்டார். யார் வாங்குவார்கள் என்று அம்மா கேட்டதிலிருந்து அந்த அச்சு பரணில் கிடந்தது.

"ஒலகத்துக்கே திட்டம் போடுற. நம்ம ஊருக்கு அதுல ஒன்னும் கெடையாதா?" என்றார்.

பிடுங்கல் தாங்காமல் அவர் கண் முன்னாலேயே ஐந்தாவது இலக்கைத் தட்டினேன்: 'சேரும் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு விருத்தாசலம் பீங்கான் ஊறுகாய் ஜாடி வழங்கப்படும்.' அவர் போனதும் அழித்துவிடலாம் என்று எண்ணம். அவர் காபி கேட்டார். போட்டுக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்து, திட்டத்தை அப்படியே அனுப்பிவிட்டேன். (என்னைப் போய்ப் பொறுப்பாளராகப் போட்டார்கள் பாருங்கள்.)

மறுநாள்தான் கவனித்தேன். பதறவில்லை. எவராவது இது என்ன கூத்து என்று கேட்பார், சிரித்துக்கொண்டே நீக்கிவிடலாம் என்றிருந்தேன். 'அருமை' என்று ஒருவர், 'தெளிவான பார்வை' என்று ஒருவர், மற்றவர்கள் கட்டைவிரல். பிரேசில்காரர் ஒருவர் மட்டும் ஐந்தாவது இலக்கு துணிச்சலானது என்று எழுதியிருந்தார்.

வேறு வழியில்லாமல், குழுவிலிருந்த என் தோழி ஸ்டெல்லாவைக் கெஞ்சி ஒரு ஆட்சேபம் எழுதச் சொன்னேன். ஆட்சேபிப்பவர் மாற்று யோசனையும் தர வேண்டும் என்று இன்னொரு விதி இருந்தது. 'ஜாடிக்கு மூடியும் வேண்டும்' என்று எழுதிவிட்டாள். கேட்டால், அப்பாவை நினைத்தால் பாவமாக இருந்தது என்கிறாள். மூடியும் நிறைவேறியது.

இதற்குள் அப்பா ஞாயிறு பூசை முடிந்து, மாதா கோயில் வாசலிலேயே வைத்து ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளிலிருந்து ஆர்டர் வந்திருக்கிறதாம். நான் பட்டறைக்கு ஓடினேன். கையிலிருந்த களிமண் முழுவதும் ஜாடியாகிச் சூளைக்குள் போயிருந்தது. கேஸும் பற்றவைத்தாகிவிட்டது.

"அப்பா, அது சும்மா எழுதுனதுப்பா."

"சும்மா எழுதுனதுக்கா இத்தினி நாட்டுக்காரங்க சரின்னு சொன்னாங்க?"

அந்தத் திட்டத்தைப் பற்றி எவரும் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான். ஜாடிகள் விற்காவிட்டால் பட்டறையை ஓட்டக் கையில் ஒன்றும் மிஞ்சாது. அடுத்த ஞாயிறு அந்த வாசலில் அவர் எப்படி நிற்பார் என்று நினைத்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. சூளையின் சூடு என்று சொல்லிச் சமாளித்தேன்.

சூளை ஆறியதும், வெளிநாட்டுக்கு அனுப்பக் கட்டுப்படியாகாது, முதலில் உள்ளூரில் கொடுக்கலாம் என்று மழுப்பினேன். இங்குள்ள கிளினிக்குகளை எங்கள் குழுவில் சேர்க்க நான் ரொம்ப நாளாக அலைந்துகொண்டுதான் இருந்தேன். ஒருவரைத் தவிர எல்லா டாக்டர்களும் 'பார்க்கலாம்மா' என்று அனுப்பிவிடுவார்கள். இந்த முறை அப்பா மொபெட்டை ஓட்ட, நான் மடியில் ஜாடியோடு பின்னால் உட்கார்ந்து போனேன்.

பெண்ணாடத்தில் ஒரு டாக்டரிடம் நோயாளியின் ஒப்புதல், தகவல் பாதுகாப்பு என்று தொண்டை வறளப் பேசினேன். அவர் கொட்டாவி விட்டார். அப்பா ஜாடியை மேசையில் வைத்தார். மருந்துச் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரின் மனைவி எழுந்து வந்து, மூடியைத் திறந்து மூடி, விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"எங்க கையெழுத்துப் போடணுங்க?" என்றார்.

அதற்குப் பிறகு நான் பேசவே இல்லை, ஜாடியைத்தான் பிடித்துக்கொண்டேன். ஸ்ரீமுஷ்ணம், வேப்பூர் என்று வரிசையாகச் சேர்ந்தார்கள். ஏற்கெனவே சேர்ந்திருந்த டாக்டர் ஒருவர், விலகிவிட்டு மறுபடியும் சேர்ந்தார். கிளினிக் வரவேற்பு மேசையில் ஜாடியைப் பார்த்த நோயாளிகள், எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு பட்டறைக்கே வந்து காசு கொடுத்து வாங்கினார்கள். பட்டறை தப்பித்தது.

வீடியோவில் நடந்த வருடாந்திர ஆய்வுக் கூட்டத்தில் மற்ற இலக்குகளெல்லாம் 'விவாதத்தில்' இருந்தன. ஐந்தாவது முடிந்திருந்தது, அதன் புண்ணியத்தில் முதலாவதும் பாதி முடிந்திருந்தது. தகவல் பரிமாற்றத்தில் ஜாடியின் பங்கு என்ன என்று தலைவர் பயபக்தியோடு கேட்டார். சலவைச் சட்டையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, மாங்காய் போட்டால் இரண்டு வருடம் கெடாது என்றார். அதை அப்படியே மொழிபெயர்த்தேன். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

இதில் அப்பா கற்றுக்கொண்டது அந்த ஒரு வார விதியைத்தான். இப்போது எங்கள் வீட்டு வாட்ஸப் குழுவில் அதுதான் சட்டம். ஒரு நாள் வெளியே போய்விட்டு வந்து பார்த்தால், நான் உட்கார்ந்து வேலை செய்கிற அறை முழுக்க ஜாடி. சண்டைக்குப் போனேன். அப்பா அமைதியாகப் போனைக் காட்டினார். ஒரு வாரத்துக்கு முன்பு, ரோஜாப்பூ காலை வணக்கத்துக்குக் கீழே, முறைப்படி யோசனை வைத்திருக்கிறார். நான் திறந்தே பார்க்கவில்லை. அம்மா கட்டைவிரல் போட்டிருந்தாள்.

உலகக் கூட்டங்களில் இன்றும் எனக்குப் பின்னால் கூரை வரைக்கும் ஜாடிகள்தான் தெரியும். யாராவது வீட்டுக்கு வந்து என்னைத் தேடினால் அம்மா சொல்வாள்:

"உள்ள மீட்டிங்குல இருக்குறா. எடது பக்கம் மூணாவது ஜாடி."