எங்கள் பேண்டு செட்டைக் கலைத்த காளை

வெளிநாட்டுப் பாட்டுக் குழுக்கள் எப்படி உருவாயின, எப்படிக் கலைந்தன என்பதெல்லாம் என் பேரனுக்கு அத்துபடி. ஒன்று சண்டையில் கலைந்ததாம், இன்னொன்று குடியில் கலைந்ததாம். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கும் ஓர் இசை வாழ்க்கை இருந்தது. அது வேலந்தாவளத்தில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் தொடங்கி, பெண் வீட்டு வாசலில் முடிந்தது. எங்கள் குழு கலைந்ததற்குக் காரணம் ஒரு காளை.

ஐம்பதுகளில் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து பேண்டு செட் ஆரம்பித்திருந்தோம். நான் கிளாரினெட். (வாங்கும்போதே கிழடு. ஒரு சாவியை அமுக்கினால் தானாக எழும்பாது, விரலால் தூக்கிவிட வேண்டும்.) கார்னெட் மருதாசலம், சின்ன டிரம் அவன் தம்பி. பெரிய டிரம் பழனிச்சாமி அண்ணன். மற்ற நாளில் அவர் மாட்டுத் தரகர்.

என் அப்பா ஊரிலிருந்த கடலை மில்லில் எடை போடுகிறவர். எனக்கும் அங்கே ஒரு தராசு காத்திருந்தது. அந்தச் சமயத்தில்தான் மில்காரர் தன் மகன் கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிட்டார். தம் வீட்டில் ஓடும் இங்கிலீஷ் பாட்டை மாப்பிள்ளை அழைப்பில் வாசிக்க வேண்டும், பாட்டு முடிந்ததும் ஆரத்தி என்றார். அப்பா என்னிடம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"இந்தக் கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதுன்னா நீ ஊதிக்கிட்டே திரி. இல்லீன்னா மறுநாளே மில்லுக்கு வந்துரோணும்."

மில்காரர் வீட்டுக் கிராமபோனை நாங்கள் கண்ணால் பார்த்தது கிடையாது. உள்ளே போகும் தைரியமும் கிடையாது. கடலை காயும் களத்தில் உட்கார்ந்துகொண்டு, ஜன்னல் வழியாக வரும் பாட்டைக் கேட்டுத்தான் பாடம் செய்தோம். பாதிப் பாட்டில் ஒரு வரி வரும். அதையே பாடகர் திருப்பித் திருப்பிப் பாடுவார். சில நாள் நாலு தடவை, சில நாள் பத்துப் பதினைந்து தடவை. பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். உடனே அடுத்த வரி.

நம் வித்வான்கள் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு விஸ்தாரமாகப் பாடுவதில்லையா? வெள்ளைக்காரனுக்கும் அந்த ஞானம் இருக்கிறதே என்று நான் மெய்சிலிர்த்துப் போனேன். தினமும் ஒரே மாதிரி பாடாமல் மனம் போனபடி கூட்டியும் குறைத்தும் பாடுகிறாரே, அதுவல்லவா கலை என்று மற்ற மூவருக்கும் விளக்கம் வேறு சொன்னேன். ஒரே இசைத்தட்டு நாளுக்கொரு மாதிரி எப்படிப் பாடும் என்று நாலு மண்டையில் ஒன்றுக்கும் தோன்றவில்லை.

அந்த 'டக்'கை பழனிச்சாமி அண்ணனிடம் ஒப்படைத்தோம். அவர் வலது கைக் குச்சியால் டிரம்மின் கட்டையில் தட்டுவார். தட்டினால்தான் எல்லோரும் அடுத்த வரிக்குப் போக வேண்டும்.

கல்யாண நாள் வேலந்தாவளத்தில் சந்தை நாளாக அமைந்தது. பெண் வீடு மாட்டுச் சந்தைக்கு எதிரிலேயே. ஊர்வலம் வாசலுக்கு வந்து நின்றபோது நாங்கள் அந்த வரியை அற்புதமாக வாசித்துக்கொண்டிருந்தோம். ஆரத்தித் தட்டோடு பெண்கள் தயாராக நின்றார்கள். இரண்டாவது தடவை வாசித்தோம். ஐந்தாவது தடவை வாசித்தோம். 'டக்' வரவில்லை.

திரும்பிப் பார்த்தேன். பழனிச்சாமி அண்ணன் இடது கையால் மட்டும் 'தொம் தொம்' என்று அடித்துக்கொண்டிருந்தார். வலது கை ஒரு துண்டுக்கு அடியில் இருந்தது. துண்டின் அந்தப் பக்கம் இன்னொரு தரகர். சந்தையில் மாட்டு விலையை வாயால் பேச மாட்டார்கள், துண்டை மூடி விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். பாதியில் கையை எடுத்தால் பேரம் முறிந்தது என்று அர்த்தம். காலையில் முடியாத ஒரு காளையின் பேரம் அந்த நேரம் பார்த்துத் தேடி வந்துவிட்டது.

நானாக ஒருமுறை அடுத்த வரிக்குத் தாவினேன். மருதாசலம் ஒப்பந்தப்படி பழைய வரியிலேயே நின்றான். அந்த அபஸ்வரத்தில் வண்டி மாடு ஒன்று மிரண்டது. நானும் பழைய வரிக்கே திரும்பி வந்தேன். ஆரத்தித் தட்டில் கற்பூரம் அணைந்து, வேறு கற்பூரம் வைத்தார்கள். பாலக்காட்டிலிருந்து வந்திருந்த மலையாள வாத்தியார் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது. "பாட்டு கொள்ளாம். பக்ஷே தீருந்நில்லல்லோ." (பாட்டு நன்றாக இருக்கிறது, முடியத்தான் மாட்டேன் என்கிறது.) அவருக்குப் பின்னால் அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அப்போது மில்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ தினம் வீட்டில் செய்கிற பழக்கத்தில், இரண்டு விரலால் என் தோளை லேசாகத் தட்டினார். நான் திடுக்கிட்டு அடுத்த வரிக்குப் போனேன். கிளாரினெட் கீச்சிட்டதைக் கேட்டு, அதுதான் 'டக்' என்று மருதாசலமும் வந்து சேர்ந்தான். பாட்டு முடிந்தது. ஆரத்தி எடுத்தார்கள்.

"ஏந்தம்பி, அந்த எடத்துல பாட்டுத் தட்டுல கீறல் உழுந்திருக்குதுங்க. நாந்தான் முள்ளத் தட்டி உடுவேன். கீறலையுமா சேத்திப் படிச்சீங்க?"

மில்காரர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கிளாரினெட்டைத் துடைக்கிற சாக்கில் முகத்தையும் துடைத்துக்கொண்டேன்.

பழனிச்சாமி அண்ணனிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அவர் நிதானமாகத்தான் பதில் சொன்னார்.

"கைய எப்புடிச் சாமி எடுக்கறது? மாடு போயிருமல்லொ."

காளை அவர் தரகு பேசிய ஆளுக்கே படிந்தது. மருதாசலம் அவரோடு பேசுவதை நிறுத்தினான். நான் மறுநாள் காலை தராசுக்குப் போனேன். அப்பா தன் பக்கத்தில் ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டார். ஓய்வு பெறும்வரை அந்த மில்தான் எனக்குச் சோறு போட்டது.

அன்று ஆரத்தித் தட்டோடு கை கடுக்க நின்ற பெண்களில் ஒருத்தி சரசு. நாலைந்து வருடம் கழித்து எனக்கே வாழ்க்கைப்பட்டாள். ஆகவே இந்தக் கதையை மறைக்கவும் வழியில்லை, மாற்றவும் வழியில்லை. நான் சொன்னதையே சொல்ல ஆரம்பித்தால் அவள் வாயால் தடுக்க மாட்டாள். பக்கத்தில் வந்து இரண்டு விரலால் தோளை லேசாகத் தட்டுவாள். பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள், இப்போது பேரனும் தட்டுகிறான்.

போன வாரம் டாக்டரிடம் என் முழங்கால் வலியை விவரித்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டுக்கொண்டார். விட்டுப்போகக் கூடாதே என்று மறுபடியும் விவரித்தேன். மூன்றாவது தடவை தொடங்கியபோது சரசு தோளைத் தட்டினாள். நான் உடனே இடுப்பு வலிக்குப் போய்விட்டேன்.