திரைக்கு அந்தப் பக்கம் போன நாற்காலிகள்

ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம்,
கேமரன் மலை.
நவம்பர் 1978, விடாத மழை.

மதிப்புக்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேண்டிய காலத்துக்கு மேலேயே நான் வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். தலைமையாசிரியர் பதவி என்னைத் தாண்டி, என்னிடம் பாடம் நடத்தப் பழகியவனுக்குப் போனபோது பேசவில்லை. தங்கள் ஞாயிறு மலருக்கு நான் அனுப்பிய கட்டுரைகளை ஒரு வரி பதில்கூட இல்லாமல் தாங்கள் திருப்பி அனுப்பியபோதும் பேசவில்லை. இப்போது என் நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டார்கள். இனியும் பேசாவிட்டால் ஊமை என்றே முடிவுகட்டிவிடுவார்கள். தாங்களும் அச்சுக்கூடத்தாரும் வெயில் அடிக்கிற ஊரில் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

நாற்காலிதானே என்று தாங்கள் நினைக்கக் கூடாது. எங்கள் தோட்டத்தில் மாதம் ஒருமுறை, பொழுது சாய்ந்ததும் திடலில் படம் காட்டுவார்கள். கீழே தாப்பா நகரத்திலிருந்து வேனில் படக்கருவி வரும். இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணியைக் கட்டுவார்கள். துணிக்கு முன்பக்கம் நாற்காலிகள். அவற்றில் அலுவலகத்தை ஆளும் பெரிய கிராணி திரு. ராதாகிருஷ்ணன், அவருக்குக் கீழே கணக்கெழுதும் கிராணிகள், மருந்து கொடுக்கும் டிரெசர், அவரவர் குடும்பங்கள். துணிக்குப் பின்பக்கம் ஈரப் புல். அங்கே சாக்கு விரித்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துச் சனம் முழுவதும். பின்பக்கமிருந்தும் படம் தெரியும், மூடுபனி துணியை நனைத்துவிடுவதால் நன்றாகவே தெரியும். ஆனால் வலது இடதாகவும் இடது வலதாகவும் தெரியும். எங்கள் பிள்ளைகளைப் பொறுத்தவரை உலகத்திலுள்ள கதாநாயகர்கள் அத்தனை பேரும் இடக்கைக்காரர்கள். கொழுந்து பறிக்கும் வடிவம்மாள், கதாநாயகன் சாமிக்கு இடக்கையால் சூடம் காட்டும் இடம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு, முடிந்துவிட்டதா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். யாரும் இதை ஒரு குறையாகச் சொன்னதில்லை, அப்பன் காலத்திலிருந்து அப்படித்தான்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்கு முன்பக்கம் இடம் உண்டா, பின்பக்கமா என்பதை யாரும் தீர்மானித்திருக்கவில்லை. நான் பெரிய கிராணியோடு ஆண்டுக் கணக்கில் மல்லுக்கட்டி, இரண்டாம் வரிசை ஓரத்தில் ஒரு பிரம்பு நாற்காலியைப் பெற்றேன். என் வாழ்நாளில் நான் கேட்டுக் கிடைத்தது அது ஒன்றுதான். இதைத் தாங்கள் மனத்தில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு படிக்க வேண்டும்.

இந்த ஆண்டு மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆறாம் வகுப்புக்குச் சம உரிமை, பாரபட்சம், சமூக நீதி ஆகியவற்றைக் கற்பிக்க வேண்டுமாம். புதிய தலைமையாசிரியருக்குத் தலைவலி, ஆகவே பாடம் என் தலையில். நான் எச்சரிக்கையானவன். உள்ளூரைத் தொடவே இல்லை. கடல் கடந்த ஒரு நாட்டில் கறுப்பு மக்கள் பேருந்தின் பின்பகுதியில்தான் உட்கார வேண்டும் என்றிருந்ததையும், அவர்கள் முதலில் பணிவாகக் கேட்டுப் பார்த்ததையும், பலிக்காதபோது யார் மேலும் கை வைக்காமல் சட்டத்தை மீறிக் காட்டியதையும் உருக்கமாக நடத்தினேன். வகுப்பே மூக்கை உறிஞ்சியது. அந்த நேரத்தில் பவளம் எழுந்தாள். லோரியில் கொழுந்து மூட்டை ஏற்றும் காளியண்ணனின் மகள், கெட்டிக்காரி, அதுதான் தொல்லை.

"சார், அந்த ஊர்ல படம் காட்டுவாங்களா? துணிக்குப் பின்னாடி யாரு உக்காருவா?"

அது பாடத்தில் இல்லை என்று சொல்லி மணியடிக்கச் செய்தேன். மணியடித்தால் தீரும் என்று நினைத்தது என் தவறு. மறுநாளே பிள்ளைகள் தலைவாரிப் பொட்டிட்டு அலுவலகத்துக்குப் போய், ஒரு மாதம் நீங்கள் பின்பக்கம், ஒரு மாதம் நாங்கள் பின்பக்கம் என்று வைத்துக்கொள்ளலாமா என்று பெரிய கிராணியிடம் பணிவாகக் கேட்டிருக்கிறார்கள். அவர் சிரித்து, ஆளுக்கொரு பிஸ்கோத்து கொடுத்து அனுப்பிவிட்டார். பாடத்தின் முதல் பாதி முடிந்தது என்று பிள்ளைகள் குறித்துக்கொண்டது அவருக்குத் தெரியவில்லை. எனக்கும்தான் தெரியவில்லை.

படம் காட்டும் நாளன்று மூடுபனி இறங்கி, நீட்டிய கை தெரியவில்லை. நாங்கள் குடையும் கம்பளிச் சட்டையுமாகப் போய் அவரவர் நாற்காலியைத் தடவிக் கண்டுபிடித்து உட்கார்ந்தோம். வரிசை மாறவில்லை, பெரிய கிராணி வீட்டம்மாளின் மெத்தைகூட அதன் இடத்திலேயே இருந்தது. படம் ஓடியது. கதாநாயகன் இடக்கையால் வணக்கம் வைத்தான். என் கண்ணாடியில்தான் கோளாறு என்று நினைத்துத் துடைத்துப் போட்டேன். கல்யாணக் காட்சியில் மணமகள் வலப்பக்கம் இருக்க வேண்டியவள் இடப்பக்கம் இருந்தாள். பெரிய கிராணி எழுந்து, துணிக்கு அப்பால் இருந்த படக்காரனைப் பார்த்துக் கத்தினார்.

"ஏய், பிலிமைத் திருப்பிப் போடுலா!"

மூடுபனிக்குள்ளிருந்து பதில் வந்தது. "பிலிம் சரியாத்தான் ஓடுது ஐயா. நீங்கதான் மாறி உக்காந்திருக்கீங்க."

பிள்ளைகள் பகலிலேயே நாற்காலிகளைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுவிட்டார்கள். எங்கள் இடத்தில் லயத்துச் சனம் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தது. அவர்களுக்காவது மகிழ்ச்சியா என்றால் அதுவும் இல்லை. முதல்முறையாக நேராகப் படம் பார்த்த வடிவம்மாள், "இது வேற ஆளுப்பா, நம்ம ஆளு இடக்கையாலதான் அடிப்பாரு" என்று கடைசிவரை சாதித்தாராம்.

மறுநாள் விசாரணை. என்னை நிற்க வைத்தே கேட்டார்கள். பிள்ளைகள் யாரும் ஒளியவில்லை. பவளம்தான் பேசினாள்.

"நாங்கதான் தூக்கி வெச்சோம் ஐயா. வரிசை மாறாமத்தான் வெச்சோம். உங்க வீட்டம்மா மெத்தைய ஈரம் படாம சட்டைக்குள்ள வெச்சுக் கொண்டு போனோம்."

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"சார் அந்த ஊரு பஸ்ஸப் பத்தித்தான் சொன்னாரு. நம்ம ஊரப் பத்தி ஒரு வார்த்தை பேசல."

அவள் என்னைக் காப்பாற்றினாளா, காட்டிக்கொடுத்தாளா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பெரிய கிராணி என்னிடம் ஒரு யோசனை சொன்னார். இதெல்லாம் காளியண்ணன் தூண்டிவிட்டு நடந்தது என்று நான் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். செய்யும்வரை முன்பக்கம் எனக்கு நாற்காலி கிடையாது. செய்தால் காளியண்ணனுக்கு வேலை போகும், வேலை போனால் லயத்து வீடும் போகும். அப்படியானால் பவளம் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவாள் என்று கேட்டேன். "அது நம்ம கவலை இல்ல வாத்தியாரே, நீங்க உங்க நாற்காலியப் பாருங்க" என்றார். காளியண்ணனோ படம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் குறட்டை விடும் மனிதர். முன்பக்கமா பின்பக்கமா என்று இன்னும் அவருக்குத் தெரியாது.

ஆகவே ஆசிரியர் அவர்களே, தாங்கள் ஒரு தலையங்கம் எழுத வேண்டும். சம உரிமைப் பாடத்தை உடனே நிறுத்த வேண்டும். நிறுத்த முடியாவிட்டால், உட்கார இடமில்லாத ஆசிரியர்களை வைத்து மட்டும் நடத்த வேண்டும், அவர்களுக்குப் பறிபோக ஒன்றுமில்லை. தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் நோய் நொடி அண்டாமல், உட்கார நல்ல இடம் எப்போதும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,

பின்குறிப்பு: பெயரை எழுதப் போகும்போது அலுவலகத்துப் பையன் கந்தசாமி மழையில் நனைந்துகொண்டு வந்து நின்றான். தலைமேல் என் நாற்காலி, கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு காகிதம். காளியண்ணன் பெயரெல்லாம் தட்டச்சு செய்து, எனக்கு வேலை வைக்காமல் அடியில் கையெழுத்துக்குக் கோடு மட்டும் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். "உக்காந்து பாத்துட்டு அப்புறமா கையெழுத்துப் போடுவீங்களாம் சார், பெரிய கிராணி சொன்னாரு." உட்கார்ந்து பார்த்தேன். நல்ல நாற்காலிதான். அதில் உட்கார்ந்துதான் இந்தப் பின்குறிப்பை எழுதுகிறேன். பாடத்தை நிறுத்தச் சொல்லி மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். தூண்டியது காளியண்ணன் அல்ல, பாடம். நடத்தியவன் நான், நன்றாகவே நடத்தியிருக்கிறேன். அதையும் போடுங்கள், இந்தத் தோட்டத்தில் யாரும் சொல்லப் போவதில்லை. கிராணியின் காகிதத்தை வெறும் கோட்டோடு கந்தசாமியிடமே திருப்பிக் கொடுத்தனுப்பிவிட்டேன். நாற்காலியைத் திருப்பி அனுப்பவில்லை, அந்த அளவுக்கு நான் பெரிய மனிதன் அல்ல. இந்தக் கடிதத்தில் பெயர் போட்டால் நாற்காலிக்காக எழுதினான் என்பார்கள். போடாவிட்டாலும் படித்த மாத்திரத்தில் யார் என்று தெரிந்துவிடும். தெரியட்டும், பிள்ளைகளைச் சந்தேகிக்காமல் இருந்தால் சரி. மழை விட்டதும் ரிங்லெட்டுக்கு நடந்துபோய், கையெழுத்து இல்லாமலே இதைத் தபாலில் போடுகிறேன்.