லென்ஸ் பார்த்த லட்சுமி

ஒரு மனிதனை அவனுடைய சொந்தப் பணத்தில் ஒரு பழங்காசு வாங்கவிடாமல் வருஷக்கணக்கில் தடுத்து நிறுத்தும் வல்லமை காரைக்காலிலேயே ஒருவருக்குத்தான் இருந்தது. அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. மற்றபடி எங்கள் ஆபீசில் பியூன் முதல் சூப்பிரண்டென்ட் வரை எல்லோருக்கும் அவர் லென்ஸ்தான். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில், நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்வார்களே, அந்தச் சின்ன பூதக்கண்ணாடி இருக்கும். கையெழுத்துப் போட என் பேனாவைத்தான் வாங்குவார். ஒன்றையாவது திருப்பித் தந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

பழைய வெள்ளிக் காசுகளைத் தரம் பிரிப்பது அவருடைய வேலை. யாரும் அவருக்கு அந்த வேலையைக் கொடுக்கவில்லை, அவராக எடுத்துக்கொண்டது. புழங்காதது, லேசாகப் புழங்கியது, நன்றாகப் புழங்கியது, எடைக்குப் போட வேண்டியது என்று காசுகளை அவர் பிரித்து வைத்திருந்தார். இதில் முதல் தரத்தை அவர் எந்தக் காசுக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை. நாணயச் சாலையிலிருந்து பெட்டியோடு வந்ததைக் காட்டினாலும், மூட்டையில் மற்ற காசுகளோடு உரசியிருக்கிறது என்று ஒரு கீறலைக் கண்டுபிடித்துவிடுவார்.

மேடான இடம்தான் முதலில் தேயும் என்பது அவருடைய வேதம். ராஜா தலை போட்ட காசு என்றால் காதுக்கு மேலே உள்ள முடி, புருவம், அங்கியில் இருக்கும் பொடி யானை, இவற்றைத்தான் பார்க்க வேண்டும். இதைக் காசோடு நிறுத்திக்கொண்டிருந்தால் ஊருக்கு நல்லது. எங்கள் சூப்பிரண்டென்ட் தன் பெண்ணுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையின் போட்டோவைக் காட்டி, எப்படி என்று ஆசையாகக் கேட்டார். இவர் லென்ஸை எடுத்து நிதானமாகப் பார்த்தார்.

“விளிம்பெல்லாம் நல்லாருக்கு சார். உச்சிலதான் கொஞ்சம் தேய்மானம்.”

அந்த வருஷம் முழுவதும் லென்ஸ் கேட்ட நாளில் லீவு கிடைக்கவில்லை. அதற்காக அவர் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. பொய்த் தரம் போட்டால் கண் அவிந்துவிடும் என்று நம்பிய மனிதர்.

இவரிடம் நானாகப் போய்ச் சிக்கிக்கொண்டேன். நானும் காசு சேர்க்கலாம் என்று ஒரு வெள்ளி ரூபாயை வாங்கி அவர் முன்னால் வைத்ததுதான் தப்பு. காசைப் பார்க்கவேயில்லை. நான் அதைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து முகம் சுளித்தார். காசை விளிம்பில்தான் பிடிக்க வேண்டுமாம், முகத்தில் கை வைப்பது அடிப்பதற்குச் சமமாம்.

“என்ன சேக்கப் போறோம்னு முடிவு பண்ணிட்டு அப்பறமா காசத் தொடுங்க சார். இல்லாட்டி அது சேகரிப்பு இல்ல, உண்டியல்.”

முடிவு பண்ணினேன். ராஜாவுக்கு ஒன்று வீதம் சேர்க்கிறேன் என்றேன். கைவிரலில் அடங்கிப்போகும், அதற்கு எதற்கு ஆல்பம் என்றார். வருஷத்துக்கு ஒன்று என்றேன். சில வருஷத்துக் காசு வேண்டுமானால் வீட்டை விற்க வேண்டும் என்றார். எந்த ஊரில் அடித்தது என்று பார்த்துச் சேர்க்கிறேன் என்றேன். ஊரைக் காட்டும் அந்தப் பொடிப் புள்ளியைத் தேடித் தேடிக் கண் போய்விடும் என்றார். கடைசியில் அவரே இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். வியட்நாமில் இருக்கும் சைகோனுக்குப் பிழைக்கப் போன ஆள் இல்லாத குடும்பம் நம் பக்கத்தில் குறைவு. பிரெஞ்சுக்காரன் அங்கே புழங்கவிட்ட பெரிய வெள்ளிக் காசு, பியாஸ்தர். நம் ஊருக்குக் கப்பலில் வந்து சேர்ந்த பியாஸ்தர்களை மட்டும் வருஷவாரியாகச் சேர்க்கச் சொன்னார். நல்ல யோசனைதான், அதை இன்றைக்கும் ஒப்புக்கொள்வேன்.

யோசனை சொன்னவர் அதோடு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். திருமலைராயன்பட்டினத்தில் ஒரு பாயின் பழைய சாமான் கடை உண்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் என் வண்டியின் பின்னால் ஏறி அங்கே வந்துவிடுவார். காசை டியூப்லைட்டில் பார்க்க மாட்டார். கடைக்காரரையும் என்னையும் நடுரோட்டுக்கு இழுத்துவந்து வெயிலில் பிடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். பின்னால் மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே நிற்கும். முடிவில் ஒரே தீர்ப்புதான்: “இது வேணாம் சார். காத்திருங்க, இதவிட நல்லது வரும்.”

ஒருமுறை பாய் பாவம், எங்களுக்காகவே மெனக்கெட்டுக் காசுகளையெல்லாம் பவுடர் போட்டுப் பளபளவென்று துலக்கி வைத்திருந்தார். லென்ஸுக்கு எழவு வீட்டுக்குள் நுழைந்த முகமாகிவிட்டது. துலக்கிய காசு செத்த காசு என்று சொல்லிவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அடுத்த வாரம் பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நீங்க வாங்க சார், அது உங்க கட. அவர மட்டும் எதிர்க்க டீக்கடையில உக்கார வச்சிட்டு வாங்க.”

அப்படி டீக்கடையில் உட்கார வைத்துத்தான் என் ஆல்பம் கொஞ்சம் கொஞ்சமாக நிறைந்தது. ஒரே ஒரு வருஷத்துக் காசுக்கான உறை மட்டும் காலியாகக் கிடந்தது. அந்த வருஷத்துப் பியாஸ்தர் எங்கே இருந்தது தெரியுமா? தலத்தெருவில், என் வீட்டிலேயே, என் மனைவியின் சாமி அறையில்.

பியாஸ்தரில் கதிர் கதிராகக் கிரீடம் வைத்த ஒரு அம்மாள் உட்கார்ந்திருப்பாள். பிரெஞ்சுக் குடியரசைப் பெண்ணாகப் போட்ட படம் அது. என் மனைவியின் வீட்டில் அவளை லட்சுமி என்று முடிவு கட்டிவிட்டார்கள். கல்யாணத்தின்போது சீரோடு வந்தவள். வெள்ளிக்கிழமைதோறும் திருநீறு போட்டுத் துலக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்து, முகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். எங்களுக்குப் பிள்ளை பிறந்ததும் வீடு கட்டியதும் அவள் தயவு. காசு தேய்ந்ததும் அதே தயவால்தான்.

அது பிரெஞ்சுக்காரியடி என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். கடைசியில் ஒருநாள் மனைவி இறங்கிவந்தாள்.

“லென்ஸ் சார் வந்து பாக்கட்டும். அவர்தான் பொய் சொல்லமாட்டாரே. இது வெறும் காசுதான்னு அவர் சொல்லிட்டா எடுத்துக்கங்க. இல்லைன்னா இனிமே சாமி ரூம் பக்கம் ஆல்பத்தத் தூக்கிட்டு வரக்கூடாது.”

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன். தேய்ந்த காசு, அதிலும் துலக்கிய காசு. லென்ஸின் சட்டத்தில் இதற்கு மன்னிப்பே கிடையாது.

ஞாயிறு காலையில் வந்தார். கை கால் கழுவிக்கொண்டார். மனைவி தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்ததை அவர் தொடவில்லை, அவள் கையாலேயே புரட்டிக் காட்டச் சொன்னார். காசில் இருந்த அம்மாளுக்குக் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. வழுவழுவென்ற முகத்தில் குங்குமம் மட்டும் இருந்தது. அடியில் வருஷம் தெளிவாகத் தெரிந்தது. லென்ஸ் குனிந்தவர் நிமிரவே இல்லை. நான் காலி உறையைத் திறந்து தயாராக வைத்திருந்தேன். மனைவி தாம்பாளத்தைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டதை அப்போதுதான் பார்த்தேன். அவரும் பார்த்திருக்க வேண்டும்.

“கடைகண்ணில குடுத்து வாங்கி, எப்பவாவது கை மாறியிருக்காம்மா?” என்று கேட்டார்.

“இல்லைங்க. தாத்தா சைகோன்ல சம்பளத்துல வந்தத மடியில முடிஞ்சிகிட்டு வந்தாராம். அன்னையிலேந்து சாமிகிட்டதான் இருக்கு.”

லென்ஸை மடக்கிப் பையில் போட்டார். “அப்ப இது புழங்காத காசுங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “மூக்கு எங்க சார்?” என்று கேட்டேன்.

“கை மாறித் தேஞ்சாத்தான் சார் தேய்மானம். கும்பிட்டதுக்கெல்லாம் தரத்தக் குறைக்க முடியாது.”

வாழ்நாளில் அவர் கொடுத்த ஒரே முதல் தரம், மூக்கில்லாத ஒரு காசுக்குப் போனது. மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போடப் போனாள். இவ்வளவு செய்த மனிதர் அதோடு விட்டாரா? காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, “இது லேசாப் புழங்குன டிகாக்‌ஷன்” என்றார். வாசலில் அவரை மறித்துக் கேட்டேன், என் வயிறு எரிவது தெரியவில்லையா என்று. காத்திருங்க, இதவிட நல்லது வரும் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். வெகுநாள் அவரோடு பேசவில்லை. அப்போதும் என் பேனாவை எடுத்துக்கொண்டுதான் இருந்தார்.

ரிட்டயர் ஆனதும் மகளோடு கோயம்புத்தூர் போய்விட்டார். அந்த வருஷத்துப் பியாஸ்தர் இப்போது பாய் கடையிலேயே கிடைக்கிறது. வாட்ஸப்பில் படம் எடுத்து அனுப்பினால், போட்டோவில் தேய்மானம் தெரியாது, நேரில் வரும்போது பார்க்கிறேன் என்கிறார். எப்போது வருவீர்கள் என்றால் காத்திருங்க என்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் குங்குமம் வைக்கும்போது மனைவியும் அவர் எப்போது வருவார் என்றுதான் கேட்கிறாள்.

டீக்கடையில் உட்கார வைக்க ஆள் இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை தனியாகத்தான் போகிறேன். பாய் பெஞ்சு நிறையக் காசைப் பரப்பி வைக்கிறார். நடுரோட்டில் வெயிலில் பிடித்து, அந்த மனிதர் ஒருதரம் “இது வேணாம் சார்” என்று சொல்லாமல் எனக்கு எந்தக் காசும் காசாகவே தெரியவில்லை.