மாடில்லாத மாட்டுப் பொங்கல்

ஒரு மாடுகூட வளர்க்காமல் மாட்டுப் பொங்கல் கொண்டாடிய ஒரே ஆள், இந்த நெகிரி செம்பிலான் மாநிலத்தில் எங்கள் பெரட்டு அண்ணன்தான். யாரிடம் வேண்டுமானாலும் பந்தயம் கட்டுவேன்.

கோலா பிலா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து என்னையும் சேர்த்துப் பதினொரு பெண்களை ஏற்றிக்கொண்டு செனாவாங் தொழிற்சாலைக்குப் போகும் வேன்காரர் அவர். தோட்டத்தில் காலையில் மண்டோர், அதாவது மேஸ்திரி, ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். அண்ணனின் அப்பா மண்டோர். மகனுக்கு அந்த வேலை வரவில்லை, வியாதி மட்டும் வந்துவிட்டது. வேன் கிளம்புமுன் ஒரு கசங்கிய நோட்டைப் பிரித்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். பக்கத்து சீட்டில் இருந்தாலும் "இருக்கேன்" என்று சொல்லியாக வேண்டும்.

"கண்ணு முன்னாலதானே லா உக்காந்திருக்கேன், அண்ணே?" என்பேன்.

"கண்ணு ஏமாத்தும் புஷ்பா. வாயால சொல்லு."

ஒருநாள் மேரி தூங்கிப்போனாள். அவள் குறட்டை வேன் முழுக்கக் கேட்கிறது. அப்படியும் அவளை உலுக்கி எழுப்பிச் சொல்லவைத்த பிறகுதான் வண்டி நகர்ந்தது.

எங்களை இறக்கிவிட்டு ஷிப்ட் முடியும்வரை வாசலிலேயே காத்திருப்பார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. மனதை லேசாக வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். கோலாலம்பூரில் இருக்கும் மகள் போனில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள். சின்னப் பண்ணை, கொஞ்சம் கத்தரிச் செடி, சில மாடுகள். எதிரி கிடையாது, தோல்வி கிடையாது. மாட்டைத் தினமும் தடவிக் கொடுத்தால் அதன் தலைக்கு மேல் சிவப்பாக ஒரு இதயம் எழும்பும். மறந்துவிட்டால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளும்.

நிம்மதிக்கு ஆடச் சொன்ன விளையாட்டில் அண்ணன் இருந்த நிம்மதியையும் தொலைத்தார். பதினொரு மாடு பிடித்து, எங்கள் பதினொரு பேர் பெயரையும் வைத்தார். பண்ணையிலும் பெரட்டு ஆரம்பமானது. மாடு வாய் திறந்து "இருக்கேன்" என்று சொல்லாது என்பதால், ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து நோட்டில் டிக் போட்டுக்கொண்டார்.

விஷயம் தெரிந்ததும் வேனில் ரகளை.

"எம் பேர மாட்டுக்கா வச்சீங்க?" என்று எகிறியவள் நான்.

கோபம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. சிவப்பு விளக்கில் வண்டி நின்றால் போன் பின்சீட்டுக்கு வரும். "மேரி, உம் மாடு மொகத்தத் தொங்கப் போட்டிருக்கு. ஒரு தடவ தடவி விடு." மேரி மாடு என் மாட்டைவிட அதிகம் பால் கறக்கிறது என்று எங்களுக்குள் சண்டையே வந்தது.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். தொழிற்சாலைக்குள் நான் 'ஏழாம் நம்பர் மெஷின்'. சூப்பர்வைசருக்கு என் பெயர் தெரியுமா என்பதே சந்தேகம். வேலை நாளில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதிலுக்காகக் காத்திருந்த ஒரே மனிதர் அண்ணன்தான். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

மாட்டுப் பொங்கல் வந்தது. எங்களுக்கு லீவு இல்லை, மாடுகளுக்கு மட்டும் கொண்டாட்டம். வேன் கிளம்புமுன் அண்ணன் போனைத் துடைத்து, திரையில் ஒவ்வொரு மாட்டின் நெற்றியையும் தேடிக் குங்குமம் வைத்தார்.

"மஞ்சத் தண்ணி தெளிக்காம என்னா மாட்டுப் பொங்கல் லா, அண்ணே?" என்றேன். கேலிக்கென்றே வீட்டிலிருந்து ஒரு போத்தலில் கரைத்துக் கொண்டுபோயிருந்தேன். மாவிலையால் தெளித்தேன். கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது. ஏற்கெனவே விரிசல் விட்ட திரை. இரண்டு தடவை மின்னி, அணைந்துபோனது.

போன் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். பண்ணை அந்தப் போனுக்குள் மட்டும்தான் இருந்ததாம். பதினொரு மாடும் போச்சு.

"பரவால்ல லா. மாட்டு மேல தண்ணி பட்டா நல்லதுதான்," என்றார் அண்ணன்.

திட்டியிருந்தால் தேவலை. மறுநாளிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெறுமனே வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கூசியது. அதே மாதம் பகாவ் டவுனில் ஒரு கடையில் வேலை கிடைத்தது. மன்னிப்புக் கேட்க வாய் வராமல், அவரிடம் சொல்லிக்கொள்ளாமலே நின்றுவிட்டேன். மூன்று வருஷம் ஓடிப்போனது.

போன மாதம் பகாவ் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பினால், எதிரே அந்த வேன். சாய்ந்துகொண்டு நிற்கிறார் அண்ணன். மூன்று வருஷமாக மனப்பாடம் செய்து வைத்த மன்னிப்பை எடுத்தேன்.

"அண்ணே, அன்னிக்கு நான் அந்தத் தண்ணிய..."

"புதுப் போன் வாங்கிட்டேன் லா," என்று நீட்டினார்.

புதுப் பண்ணை. நாலே நாலு மாடு. முதல் மாட்டின் தலைக்கு மேல் 'புஷ்பா' என்று எழுதியிருந்தது.

"நான் இப்ப வேன்லயே வர்றது இல்லையே. மேரி மாடு எங்க அண்ணே?"

"மேரியத்தான் தெனம் காலையில பாத்துடுறேனே, அவளுக்கு எதுக்கு மாடு? இது வேன விட்டுப் போனவங்களுக்கு."

என் மாடு முகத்தைத் தொங்கப் போட்டிருக்கவில்லை. காலையிலேயே தடவிக் கொடுத்திருக்கிறார்.

அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "புஷ்பா!"

கையில் மீன் பையோடு, பாசாரே திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன்.

"இருக்கேன், அண்ணே."