முதுகுக்கு மாத்திரை போகும் வழி

இனிமேல் பொய் சொல்வதென்றால் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்வது என்று அந்த ஞாயிற்றுக்கிழமை முடிவெடுத்தேன்.

போன தடவை தலைவலி என்று படுத்து, மாத்திரை போட்ட இரண்டாவது நிமிஷமே எழுந்து உட்கார்ந்து மாட்டிக்கொண்டவன் நான். என் மனைவி ஆறு வருஷமாக மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை இந்நேரம் எந்தத் தெருவில் வருகிறது என்று அம்மாக்கள் சொல்வார்களே, அப்படி, விழுங்கிய மாத்திரை இந்நேரம் எங்கே இருக்கிறது என்று அவள் சொல்வாள்.

மூன்று மணிக்கு டிவியில் கால்பந்து இறுதி ஆட்டம். பதினோரு வருஷத்துக்குப் பிறகு எங்கள் அணி. ஆனால் இரண்டு மணிக்கு இரும்பு அலமாரியைப் பின்னறைக்கு நகர்த்த வேண்டும் என்று உத்தரவு. அலமாரிக்குப் பின்னால் சுவர் ஈரம். இரண்டு மாதமாக நான் தட்டிக்கழித்துவந்த வேலை.

கணக்குப் போட்டேன். இரண்டு மணிக்கு முதுகுவலி. இரண்டு பத்துக்கு மாத்திரை. முக்கால் மணி நேரத்தில் கேட்கும் என்று அவளே போனில் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்திருக்கிறது. இரண்டு ஐம்பத்தைந்துக்குக் குணம். அப்போதுதான் தேறியவனை யார் அலமாரி தூக்கச் சொல்வார்கள்?

அலமாரியில் கை வைத்ததும் சுருண்டேன்.

"எங்கங்க வலிக்குது?"

"இடுப்புக்கு மேல. தோளுக்குக் கீழ."

"அதுக்குப் பேர் முதுகு. படுங்க."

மாத்திரையும் தண்ணீரும் வந்தன. கன்னத்தில் ஒதுக்கி, அவள் போனதும் எடுத்துத் தலையணைக்கடியில் வைத்தேன். வலியில்லாத உடம்பில் மருந்தை ஏற்றுவது தப்பு. எனக்கும் ஒரு நேர்மை உண்டு.

இரண்டு ஐம்பத்தைந்து.

"இப்பப் பரவாயில்லம்மா."

"இருக்காதே."

"என் முதுகு எனக்குத் தெரியாதா?"

"மாத்திரை எனக்குத் தெரியும். மதியம் மூணு தடவை போட்டுச் சாப்பிட்டீங்க. வயிறு முட்ட இருந்தா அது அங்கேயே காத்துக் கெடக்கும். சிறுகுடலுக்குப் போனாத்தான் ரத்தத்துல ஏறும். முக்கால் மணியெல்லாம் காலி வயித்துக்கு. உங்களுக்கு அஞ்சு மணி ஆகும்."

"அஞ்சா?"

"அதுக்குள்ள சரியாச்சுன்னா டாக்டர்கிட்ட காட்டணும். இப்பவே கிளம்பலாமா?"

"வேண்டாம். மறுபடி லேசா வலிக்குது."

"அதானே பார்த்தேன்." தலையணையைச் சரிசெய்துவிட்டு, சத்தம் ஆகாது என்று கதவையும் சாத்திவிட்டுப் போனாள்.

ஹாலில் மாடி வீட்டு டிரைவர் அண்ணனின் குரல். "தம்பி எங்கம்மா?"

"முதுகுவலிண்ணே. மாத்திரை இன்னும் வேலை செய்யல."

சிறிது நேரத்தில் வீடே அதிர்ந்தது. கோல். யார் போட்டது?

"என்னம்மா ஆச்சு?" என்று கத்தினேன்.

"இன்னும் வயித்துலதாங்க இருக்கு."

மறுபடி அதிர்ந்தது.

"இப்ப?"

"சிறுகுடல்."

ஸ்கோர் கேட்டவனுக்கு இப்படி ஒரு பதில் உலகத்தில் வேறு யார் சொல்வார்கள்? வயிற்றெரிச்சலோடு வியந்தேன்.

ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. "ஜெயிச்சுட்டோம். வலி போயிருக்குமே?"

போகாமல் எங்கே போகும்? டிரைவர் அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அலமாரி பத்தே நிமிஷத்தில் பின்னறையில் நின்றது. கடைசித் திருப்பத்தில் என் முதுகில் 'மளுக்' என்றது. இது அசல்.

"இன்னொரு மாத்திரை குடும்மா."

"ரெண்டு பத்துக்குத்தானே போட்டீங்க? ஆறு மணி நேரம் ஆகணும். எட்டு பத்துக்குத் தரேன்."

நிமிர முடியவில்லை. எட்டு பத்து வரை தாங்காது.

"நான் அதை முழுங்கலம்மா."

டிரைவர் அண்ணன் மரியாதையாகக் கூரையைப் பார்த்தார். அவள் இரண்டு கையையும் நீட்டினாள். ஒன்றில் தலையணைக்கடியில் இருந்த பாதி கரைந்த மாத்திரை. இன்னொன்றில் புதுசு.

"மூணு மணிக்கே தெரியுமா?"

"ரெண்டு மணிக்கே தெரியும். முழுங்குங்க."

விழுங்கினேன். அலமாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நாம சேர்ந்து ஆட்டம் பார்க்கலாம்னுதான் ரெண்டு மணின்னு வெச்சேன். பத்து நிமிஷ வேலைங்க. ரெண்டு பத்துக்கு முடிஞ்சிருக்கும்."