வால் மட்டும் நடித்த படம்

எதற்கும் அஞ்சாதவன் ஒருவன் இருக்கிறான். அவன் பெயர் கோடரி. ஒரு வார இதழில் ‘போணியாகாத படங்கள்’ என்ற பத்தியை எழுதுகிறான். கார்ட்டூன் பக்கம் போகமாட்டான். நிஜ மனிதர்களும் நிஜ நாய்களும் நடித்து, குடும்பத்தோடு பார்க்கலாம் என்று சொல்லி வந்து, ஒரு குடும்பமும் பார்க்காமல் போன படங்கள்தான் அவனுக்குத் தீனி. கால்பந்து ஆடும் ஆடு, சலவை இயந்திரத்தில் விழுந்து சுருங்கிய சித்தப்பா, எல்லாவற்றையும் ஒரே போடாகப் போட்டிருக்கிறான்.

அந்தக் கோடரி நான்தான். தயவுசெய்து மனதுக்குள் படியுங்கள். என் மனைவி பக்கத்து அறையில் இருக்கிறாள்.

குழம்பில் உப்பு தூக்கல் என்று சொல்ல எனக்கு இன்றுவரை தைரியம் வந்ததில்லை. வாயில் அடக்கியதையெல்லாம் எங்கேயாவது கொட்ட வேண்டாமா? அதனால் எழுதுகிறேன். எழுதும் இடம் குளியலறை. குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். காதுக்குப் பிடித்தால் மனப்பாடம் செய்துகொண்டு வெளியே வருவேன். தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. மனைவிக்கு என்னைப் பற்றி இருக்கும் ஒரே குறை, நான் ரொம்ப நேரம் குளிக்கிறேன் என்பதுதான். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் மாட்டிய படம் ‘அப்பாவுக்கு வால்’. ஒரு அப்பாவுக்குத் திடீரென்று வால் முளைக்கிறது. அவர் பொய் சொன்னால் அது ஆடும். படத்தில் இருப்பது ஒரே ஒரு சிறுமி, இரட்டைச் சடை, அந்த அப்பாவின் மகள். முதல் அரைமணியையும் கடைசிப் பத்து நிமிடத்தையும் பார்த்தேன். என் வழக்கம் அது. குழாயைத் திறந்தேன்.

“அழ வேண்டிய இடத்தில் இந்தச் சிறுமி கொட்டாவி விடுகிறாள்! படத்தில் நடிக்கத் தெரிந்த ஒரே ஜீவன் அந்த வால்தான்!”

பிரமாதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தலையைத் துவட்டிக்கொண்டு போய் எழுதி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு.

“என்னங்க, இந்த வாரம் கோடரி ‘அப்பாவுக்கு வால்’ படத்தைத்தான் எழுதறாராம்.”

மடிக்க நான் பிடித்துக்கொடுத்த போர்வை கையிலிருந்து நழுவியது. “யா... யாரு சொன்னா?”

“காதுல விழுந்துச்சு. அந்தப் படத்துல நானும் இருக்கேன், தெரியுமா?”

“நீயா?”

“சின்ன வயசுல. வீட்டுல அந்தப் பேச்சையே எடுக்கறதில்ல, ஓடாத படம்ல? படம் பூரா வருவேன்.”

“என்... என்ன வேஷம்?”

“பத்திரிகை வரட்டும், அப்ப தெரியும். ஞாயித்துக்கிழமை அப்பாவையும் சித்தப்பா பொண்ணையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன். எல்லாரையும் உக்கார வச்சு சத்தமா படிக்கப் போறேன்.”

ஒரே ஒரு சிறுமி. படம் பூரா வருகிறாள். கொட்டாவி விடுகிறாள். அந்தக் கொட்டாவியோடுதான் நான் தினமும் காபி குடித்துக்கொண்டிருக்கிறேன்! உற்றுப் பார்த்தேன். ஆமாம், அதே மூக்கு. பயம் வந்துவிட்டால் எல்லா மூக்கும் ஒரே மூக்காகத்தான் தெரிகிறது.

என் மாமனாரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர் தச்சர். கைகுலுக்கினால் நம் விரல்களை நாம்தான் எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அலுவலகத்துக்கு வயிற்றுவலி என்று சொன்னேன். அது பொய்யும் இல்லை. நேராகப் பத்திரிகை அலுவலகத்துக்கு ஓடினேன். ஆசிரியர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“பக்கம் முடிஞ்சாச்சு சார்.”

“ரெண்டே வரி சார். என் குடும்பம் சார்.”

“குடும்பப் படத்தைத் திட்டறதுக்கும் உங்க குடும்பத்துக்கும் என்ன சார் சம்பந்தம்?”

“இருக்கு சார். அந்தச் சின்னப் பொண்ணைப் புகழணும்.”

“புகழுங்க. ஆனா யாரையாவது வெட்டியாகணும். கோடரி வெட்டலேன்னா வாசகர்கள் என்னை வெட்டுவாங்க.”

யாரை வெட்டுவது? இயக்குநர் உயிரோடு இருக்கலாம். கதாநாயகனுக்குச் சொந்தபந்தம் இருக்கும். யோசித்து யோசித்துக் கடைசியில் கண்டுபிடித்தேன். வால்! அதற்கு அப்பா கிடையாது, அம்மா கிடையாது, கட்டையைத் தூக்கிக்கொண்டு வர மாமனார் கிடையாது. ஆசிரியர் மேஜையிலேயே நின்றபடி எழுதினேன். “சிறுமியின் கண்ணீர் கல்லையும் கரைக்கும். அந்த வாலோ தேய்ந்த விளக்குமாறு. செய்தவருக்கு வேலை தெரியவில்லை, ஆட்டியவருக்கு மூளை இல்லை.”

வாழ்க்கையில் முதல்முறையாகக் குழாயைத் திறக்காமல் எழுதிய வரிகள். தப்பித்தேன் என்று பெருமூச்சு விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாமனார் ஒரு நீளமான துணி மூட்டையோடு வந்தார். அதைப் பிரித்து, நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகில் எதையோ மாட்டினார். திரும்பிப் பார்த்தேன். பழுப்பு நிறத்தில், கம்பளி சுற்றி, சாட்சாத் அந்த வால்! அடியில் ஒரு கம்பி, கம்பியின் முனையில் ஒரு வளையம்.

“இது... இது எப்படி மாமா உங்ககிட்ட?”

“நான் செஞ்சதுதான் மாப்பிள்ளை. இதுக்குன்னே மூங்கிலைச் சீவிச் சீவி, என் கையெல்லாம் காயம்.”

அதற்குள் மனைவி இதழைப் பிரித்துக்கொண்டு என் பின்னால் வந்து நின்றாள். படிக்க ஆரம்பித்தாள். “சிறுமியின் கண்ணீர் கல்லையும் கரைக்கும்...”

“ஐயோ, என்னையா!” என்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள் சித்தப்பா மகள். “அத்தான், கேட்டீங்களா? என்னைத்தான் எழுதியிருக்காங்க!”

“நீயா அந்தப் பொண்ணு?” என்றேன். என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “அப்ப இவ?”

“இவளா? அக்கா சோபாவுக்கு அடியில படுத்துக்கிட்டு கம்பியை இழுத்தா. படம் பூரா அதே வேலைதான். முகம் ஒரு இடத்துல கூட வராது.” சிரித்தாள்.

என் பின்னால் சிரிப்பு இல்லை. மனைவி அடுத்த வரியைப் படித்தாள். விளக்குமாறு. வேலை தெரியவில்லை. மூளை இல்லை. ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்தி. குரல் கொஞ்சம் உடைந்தது. அதைக் கேட்டபோது எனக்குப் பயத்தையும் தாண்டி வேறென்னவோ செய்தது. அத்தனை வருஷம் கழித்து யாரோ ஒருவர் அந்த வாலைக் கவனித்துவிட்டார் என்று விருந்து வைத்திருக்கிறாள்!

மாமனார் எழுந்தார். “எவன் அவன் கோடரி? கோடரியை எப்படிப் பிடிக்கணும்னு அவனுக்கு நான் சொல்லித் தரேன்.”

“அயோக்கியன் மாமா!” என்றேன் அவசரமாக. “அவன் யாருன்னே எனக்குத் தெரியாது!”

எல்லோரும் என் தலைக்குப் பின்னால் பார்த்தார்கள். எதிரே கண்ணாடி அலமாரியில் நானும் பார்த்தேன். வால் ஆடிக்கொண்டிருந்தது.

“நான் ஒரு வரிகூட எழுதினதில்லை!”

வால் நாற்காலியையே அடித்தது.

“அப்பா, உங்க வால் இன்னும் நல்லா வேலை செய்யுது,” என்றாள் மனைவி, வளையத்தில் விரலை மாட்டியபடி. “என்னங்க, வருஷக்கணக்கா குழாய்ச் சத்தத்துக்கு மேல கத்தறீங்க. பக்கத்து வீட்டுக்காரம்மா உங்க பத்திக்காகப் பத்திரிகையே வாங்கறதில்ல, ஜன்னலைத் திறந்து வச்சாப் போதும். வாலைப் புகழ்ந்து நீங்க முதல்ல சொன்னதைச் சொல்லட்டுமா? ‘அழ வேண்டிய இடத்தில் இந்தச் சிறுமி கொட்டாவி விடுகிறாள்...’”

“அத்தான்!” என்று சித்தப்பா மகளும் எழுந்தாள்.

அன்று மாமனார் என்னோடு கைகுலுக்கிவிட்டுத்தான் போனார். இந்தக் கதையை இடது கையால் எழுதுகிறேன்.

மனைவி சண்டை போடவில்லை. ஒரே ஒரு ஏற்பாடு செய்தாள். இப்போது எந்தப் படத்தையும் நடுப்பகுதி உட்பட முழுசாகப் பார்க்க வேண்டும், பக்கத்தில் அவள் இருப்பாள். பிறகு குளியலறையில் குழாய் திறக்கும். உள்ளே இருந்து வரி வரியாகக் குரல் வரும். ஆசிரியர் சொல்கிறார், கோடரி முன்னைவிடக் கூராகிவிட்டதாம். இருக்காதா பின்னே? உள்ளே நின்று வெட்டுவது அவள். வெளியே முக்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளும் நான் வெறும் காம்பு.